மாஷிங், ஸ்பார்ஜிங்: புதுசா பியர் காய்ச்சத் தொடங்கின எங்கட ஆக்கள் கேக்கிற கேள்விகள்

நான் திருகோணமலை ஆள். லண்டன்ல பதினொரு வருசம் இருந்தனான், வீட்டில பியர் காய்ச்சப் பழகினது அங்கதான், இப்ப ஊருக்குத் திரும்பி வந்து உப்புவெளியில இருக்கிறன். என்னோட படிச்ச பெடியள், மச்சான்மார் எண்டு கனபேர் லண்டன், டொரன்டோ, மெல்பேர்ன் எண்டு இருக்கினம். டின்ல வாற மோல்ட் பாகை வச்சு ரெண்டு மூண்டு தரம் செய்து பாத்திட்டு, இப்ப நேரா தானியத்தில இருந்து காய்ச்சப் போறம் எண்டு வெளிக்கிட்டிருக்கினம். இரவில வாட்ஸ்அப்ல கேள்வி வரும், அனேகமா எல்லாரும் கேக்கிறது ஒரே விசயங்களைத்தான். அதால ஒருக்கா வடிவா எழுதி வைக்கிறன்.

அண்ணா, நீங்க திருகோணமலையிலயும் பியர் காய்ச்சுறீங்களா?

இல்லை. இலங்கையில லைசென்ஸ் இல்லாம வீட்டில பியர் காய்ச்சுறது மதுவரிச் சட்டப்படி குற்றம், சின்ன அளவு எண்டாலும் அப்பிடித்தான். இங்கிலாந்தில 1963ல லைசென்ஸ் தேவையில்லை எண்டு ஆக்கிட்டாங்கள், அதால அங்க பிரச்சினை இல்லை. நீங்க இருக்கிற நாட்டில சட்டம் என்ன எண்டு முதல்ல பாருங்கோ. இங்க நான் செய்யிறது மாஷும் (முளைக்கவிட்ட பார்லியைச் சுடுதண்ணியில ஊறவைக்கிறது) ஸ்பார்ஜும் (பிறகு அதைக் கழுவி வடிக்கிறது) மட்டும்தான், வாற இனிப்புத் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி ஃப்ரிட்ஜில வச்சு அண்டைக்கே குடிச்சு முடிக்கிறம், ஈஸ்ட் போடுறதில்லை. பிள்ளையளுக்கு நல்ல விருப்பம், நெஸ்டமோல்ட் மணம்தான் ஆனா அதைவிட ஆழமான ருசி. எங்கட வெக்கைக்கு வெளிய விட்டா தானாவே புளிக்கத் தொடங்கிடும், அதால வைக்கவும் ஏலாது.

மாஷ் எண்டா என்ன? கள்ளு மாதிரி நேரா புளிக்க விட ஏலாதா?

கள்ளுக்கு ஏன் மாஷ் தேவையில்லை எண்டா பாளையில இருந்து வடியேக்கையே அதில சீனி இருக்கு, காத்தில பானையில இருக்கிற ஈஸ்ட் வந்து சேர்ந்தாக் காணும். பார்லியில இருக்கிறது மாப்பொருள், அதை ஈஸ்ட் தின்னாது. ஒரு பிடி சோத்தை விழுங்காம ரெண்டு நிமிசம் மெண்டு பாருங்கோ, இனிக்கத் தொடங்கும், ஏன் எண்டா எச்சில்ல இருக்கிற நொதியம் மாப்பொருளை உடைச்சு சீனி ஆக்குது. மாஷில நடக்கிறதும் அதேதான். பார்லியை ஊறவச்சு முளைக்க விட்டுக் காயவச்சா அதுதான் மோல்ட், முளைக்கேக்க அந்த நொதியங்கள் தானியத்துக்குள்ளயே உருவாகிடும். சரியான சூட்டில சுடுதண்ணி ஊத்தி ஒரு மணித்தியாலம் விட்டா அதுகள் வேலையைச் செய்யும். சூப்பர் மார்க்கெட்ல கஞ்சிக்கு விக்கிற பார்லி சரிவராது, அது தோல் நீக்கித் தீட்டினது, முளைக்காது.

எத்தினை டிகிரி? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லினம்.

முதல் தரம் எண்டா 66 டிகிரி செல்சியஸ், வேற ஒண்டும் யோசிக்க வேண்டாம். ஏன் எண்டு தெரிய விருப்பம் எண்டா சொல்லுறன்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனா ஏழு கிணத்திலயும் ஒரே சூடு இல்லைத்தானே, நாங்கள் சின்னனில ஒவ்வொண்டா அள்ளி ஊத்திப் பாத்து இது எனக்கு அது உனக்கு எண்டு பிரிப்பம். நொதியங்களும் அப்பிடித்தான், ஒவ்வொண்டுக்கும் பிடிச்ச சூடு ஒண்டு இருக்கு. மாஷில முக்கியமானது ரெண்டு. பீட்டா அமைலேசுக்கு 60 இல இருந்து 65 வரைக்கும் நல்லம், அல்பா அமைலேசுக்கு 68 இல இருந்து 72. முருங்கைக் கொப்பை வச்சுக்கொண்டு ரெண்டு பேர் இலை ஆயிற மாதிரி நினையுங்கோ. அல்பா கொப்பை நடுவில நடுவில முறிச்சுப் போடும், பீட்டா நுனியில இருந்து ரெண்டு ரெண்டு இலையாக் கிள்ளும். அந்த ரெண்டு ரெண்டுதான் மோல்டோஸ், ஈஸ்டுக்கு நல்ல சாப்பாடு. அல்பா முறிக்க முறிக்க நுனி கூடும், பீட்டாவுக்கு கிள்ளுறதுக்கு இடம் கூடும். 66ல ரெண்டும் ஓரளவுக்கு ஓடும்.

63, 64ல வச்சா சீனி கூட ஈஸ்டுக்குப் போகும், பியர் வறண்டு மெல்லிசா இருக்கும். 69ல வச்சா பீட்டா கெதியா செத்துப்போகும், ஈஸ்ட் தின்னாத பெரிய துண்டுகள் மிஞ்சும், வாயில கனமா நிக்கும். ஸ்டவுட்டுக்கு எனக்கு 68 பிடிக்கும், வெயில்ல குடிக்கிற லேசான பியருக்கு 64.

ஒண்டு கவனம். கன்னியாத் தண்ணி உடம்பு தாங்கும், மாஷ் தாங்காது. 66 டிகிரி கஞ்சி மாதிரி ஒட்டும், பட்டா கொப்பளிச்சிடும். பிள்ளையள் நிக்கிற இடத்தில வைக்காதேங்கோ.

அப்ப 66 டிகிரித் தண்ணியை ஊத்தினாச் சரிதானே?

சரி வராது. தானியம் குளிரா இருக்கும், அது சூட்டை இழுக்கும். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரு கிலோவுக்கு எத்தினை லீட்டர் தண்ணி எண்டு பாருங்கோ, 0.41ஐ அதால பிரியுங்கோ, வாறதை உங்களுக்கு வேண்டிய சூட்டுக்கும் தானியத்தின்ர சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்குங்கோ, கடைசியில வேண்டிய சூட்டைக் கூட்டுங்கோ. கிலோவுக்கு 3 லீட்டர், தானியம் 15 டிகிரி (லண்டன்ல என்ர அறை பனிக்காலத்தில அப்பிடித்தான்), வேண்டியது 66 எண்டா தண்ணி 73 டிகிரி. அதே தானியம் திருகோணமலையில ஒரு மத்தியானம் 30 டிகிரியில இருக்கும், அப்ப 71 காணும். நான் இங்க வந்து முதல் தரம் செய்யேக்க லண்டன் பழக்கத்தில 73ல ஊத்திப்போட்டன், 68ல போய் நிண்டது. பானையும் கொஞ்சம் சூடு குடிக்கும், அதால முதல்ல கொதிதண்ணி ஊத்தி அலசி சூடாக்கி வையுங்கோ.

போடேக்க தானியத்தை ஒரேயடியா கொட்டாதேங்கோ. கூழுக்கு மா கரைக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா போட்டு அகப்பையால கிளறுங்கோ, கட்டி பட்டா உள்ளுக்க காய்ஞ்ச மாவா இருக்கும், அதில இருக்கிற மாப்பொருள் உங்களுக்குக் கிடைக்காது. கிளறி முடிஞ்சு ரெண்டு மூண்டு இடத்தில தெர்மோமீட்டரைக் குத்திப் பாருங்கோ, நடுவிலயும் ஓரத்திலயும் ஒரே மாதிரி வந்தாத்தான் சரி.

ஒரு மணித்தியாலம் சூடு நிக்குமா?

கூலர் பொக்ஸ் இருந்தா நிக்கும். பானை எண்டா மூடி, பெரிய துவாய் ரெண்டு, அதுக்கு மேல போர்வை எண்டு சுத்துங்கோ. ஒண்டு ரெண்டு டிகிரி இறங்கினா ஒண்டும் ஆகாது, சும்மா சும்மா மூடியைத் திறந்து பாக்கிறதுதான் கூடச் சூட்டை இறக்கும். கன இறங்கினா ஒரு கேத்தில் கொதிதண்ணி ஊத்திக் கிளறலாம். அடுப்பில வச்சுச் சூடாக்குறதெண்டா நெருப்பைக் குறைச்சு கிளறிக்கொண்டே நிக்கவேணும், அடிப்பிடிச்சா அந்தக் கருகல் மணம் கடைசி வரைக்கும் போகாது. ரெஜிபோம் பெட்டி மட்டும் வேண்டாம், இந்தச் சூட்டை நம்பி அதில ஊத்தக்கூடாது.

முடிஞ்சுதா எண்டு எப்பிடித் தெரியும்?

அனேகமா 60 நிமிசம் காணும். சந்தேகமா இருந்தா தெளிஞ்ச தண்ணியில ஒரு கரண்டி எடுத்து வெள்ளைப் பீங்கான்ல விட்டு ஒரு சொட்டு ஐயடின் விடுங்கோ. கறுப்பு நீலமா மாறினா மாப்பொருள் இன்னும் இருக்கு, ஐயடின்ர நிறத்திலயே நிண்டா முடிஞ்சுது. தோல் துண்டு விழுந்தா எப்பவும் கறுக்கும், அதால ஏமாறாதேங்கோ. பாத்த தண்ணியைத் திருப்பிப் பானைக்குள்ள ஊத்தக்கூடாது, வெளிய எறியுங்கோ.

மோல்டை எப்பிடி அரைக்கிறது? கிரைண்டர்ல போடலாமா?

இது நான் அனுபவிச்சுப் படிச்சது. ஊருக்கு வந்த புதுசில லண்டன்ல இருந்து வந்த ஒருத்தர் 5 கிலோ முழு மோல்ட் கொண்டுவந்து தந்தவர், அரைக்க மிசின் இல்லை, ஒரு மில்லில குடுத்தன். பெரிசா உடைச்சாக் காணும் எண்டு சொல்லித்தான் குடுத்தனான். பின்னேரம் போய்ப் பாத்தா மா மாதிரி வந்திருக்கு, அதுக்கு முதல் மிளகாய்த்தூள் அரைச்சவை போல, பையைத் திறந்த உடன தும்மல். அதோட மாஷ் செய்து பாத்தன், அனேகமா ஒண்டும் வடியேல்லை, வடிஞ்ச கொஞ்சத்தைக் குடிச்சாலும் தொண்டை எரிஞ்சுது. முழுக்க மாட்டுக்குக் கூட வைக்க ஏலாமல் போச்சு.

உள்ளுக்க இருக்கிற வெள்ளைப் பருப்பு மூண்டு நாலு துண்டா உடையவேணும், வெளித்தோல் கிழியாம முழுசா இருக்கவேணும். அந்தத் தோல்தான் பிறகு வடிகட்டி. சீனன்குடாவில பிரிமா மில்லில கோதுமையை மாவாக்குற மாதிரி இதை ஆக்கினா வடிகட்டி இல்லை, வெறும் களி. ரெண்டு உருளைக்கு நடுவில நசிக்கிற மிசின்தான் நல்லம். மிசின் வாங்க முதல், கடையிலயே உடைச்சுத் தரச் சொல்லி வாங்குங்கோ, புது ஆக்களுக்கு அது போதும். உடைச்ச மோல்ட் ஈரம் இழுக்கும், காத்துப் போகாம மூடி வச்சு கெதியாப் பாவிக்கவேணும்.

எந்தத் தண்ணி நல்லம்?

குடிக்க நல்ல தண்ணி எண்டா தொடங்கலாம். எங்கட கடற்கரைப் பக்கம் சில கிணறு சவர், அந்தத் தண்ணியில தேத்தண்ணியே சரிவராது, மாஷும் வராது. லண்டன் தண்ணியில சுண்ணாம்புத்தன்மை கூட, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது அதுதான். அது மாஷின்ர பீஎச்சை (புளிப்பை அளக்கிற எண், குறைஞ்சா புளிப்புக் கூட) மேல தூக்கும். 5.2க்கும் 5.6க்கும் இடையில இருந்தா நல்லம். கறுத்த மோல்ட் போட்டா தானாவே கீழ வரும், டப்ளின் மாதிரி சுண்ணாம்புத் தண்ணி ஊரில ஸ்டவுட் நல்லா வந்ததும், மென்மையான தண்ணி உள்ள பில்சென்ல வெளிறின லாகர் நல்லா வந்ததும் அதாலதான். வெளிறின பியர் செய்யிறீங்கள் எண்டா கொஞ்சம் லாக்டிக் அசிட் விடவேண்டி வரலாம், பீஎச் பட்டி வாங்கிப் பாத்து விடுங்கோ, கண்மட்டத்துக்கு விடாதேங்கோ.

குளோரின் மணம் இருந்தா கட்டாயம் எடுக்கவேணும், இல்லாட்டி பியரில மருந்து மணம் வரும். ஒரு கம்டன் மாத்திரை 75 லீட்டருக்குக் காணும், அதால 30 லீட்டருக்கு அரை மாத்திரை பொடியாக்கிப் போட்டாச் சரி.

ஸ்பார்ஜ் எண்டா என்ன? அதைச் செய்யாட்டி என்ன?

தேங்காய்ப்பால்தான். துருவினதில கொஞ்சத் தண்ணி விட்டுப் பிழிஞ்சா முதற்பால், கெட்டியா வரும். ஆனா பூவில இன்னும் இருக்கு, திருப்பித் தண்ணி விட்டுப் பிழிஞ்சா ரெண்டாம் பால். மாஷ் முடிஞ்சு பானையின்ர அடியில இருக்கிற பைப்பைத் திறந்தா முதல்ல வாறது முதற்பால் மாதிரி, நிறம் கூட, பிசுபிசு எண்டு இனிப்பு. தானியத்தில இன்னும் கன சீனி ஒட்டிக்கொண்டு நிக்கும், சுடுதண்ணி விட்டு அதைக் கழுவி எடுக்கிறதுதான் ஸ்பார்ஜ். தெளிக்கிறது எண்ட அர்த்தத்தில லத்தீன்ல இருந்து வந்த சொல். முந்தி இங்கிலாந்தில ஒரே தானியத்தில ரெண்டு மூண்டு தரம் தண்ணி விட்டு முதல் தண்ணியில கடும் பியர், கடைசித் தண்ணியில லேசான பியர் எண்டு தனித்தனியாக் காய்ச்சினவை. எங்கட அம்மாமார் முதற்பாலை எடுத்து வச்சிட்டு ரெண்டாம் பால்ல கறியைக் கொதிக்க விடுற மாதிரி.

செய்யாமலும் விடலாம். எல்லாத் தண்ணியையும் முதலே ஊத்தி ஒருக்கா வடிக்கலாம், கொஞ்சம் மோல்ட் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

எந்த முறை லேசு?

புதுசு எண்டா பையில செய்யிற முறை. பெரிய கிடாரத்துக்குள்ள மெல்லிய துணிப்பை, அதுக்குள்ள தானியம், முடிஞ்ச உடன பையைத் தூக்கி வடிய விட்டுப் பிழிஞ்சு எடுங்கோ. பிழிஞ்சா கயர்க்கும் எண்டு சிலர் பயப்பிடுத்துவினம், கயர்ப்பு பிழியிறதால வாறதில்லை.

அடுத்தது ஒரு தரமா ஊத்துற முறை. முதல் தண்ணியை முழுக்க வடிச்சிட்டு 75 டிகிரித் தண்ணியை ஒரேயடியா விட்டு வடிவாக் கிளறி பத்து நிமிசம் விட்டுத் திருப்பி வடியுங்கோ. நான் கனகாலம் இப்பிடித்தான் செய்தனான், இப்பவும் அவசரம் எண்டா இதுதான்.

மற்றது மெல்லத் தெளிச்சுக்கொண்டு கீழால வடிக்கிறது. சீனி கூட வரும், நேரமும் கூட, 45 நிமிசத்துக்குக் குறைய முடிச்சா பிரயோசனம் இல்லை. தானியத்துக்கு மேல ரெண்டு மூண்டு சென்ரிமீட்டர் தண்ணி எப்பவும் நிக்கவேணும். நேரா ஊத்தினா குழி விழும், பிறகு தண்ணி அந்தக் குழியாலயே ஓடும், மற்ற இடம் கழுவுப்படாது. நான் மேல ஒரு இடியப்பத் தட்டை வச்சு அதுக்கு மேல குவளையால மெல்லமா விடுறனான், பின்னல் ஓட்டையால மழை மாதிரி இறங்கும், தானியம் அசையாது. அந்தத் தட்டை இதுக்கெண்டு தனியா வையுங்கோ.

எந்த முறை எண்டாலும் (பை தவிர) முதல்ல வாற கலங்கின தண்ணியை ஒரு குவளையில பிடிச்சு மெல்லமா மேலால திருப்பி ஊத்துங்கோ. ரெண்டு மூண்டு லீட்டர் அப்பிடிச் செய்ய தோல் எல்லாம் படிஞ்சு வடிகட்டி ஆகிடும், அதுக்குப் பிறகு தெளிஞ்சு வரும்.

வடியிறது நிண்டு போச்சு, இப்ப என்ன செய்யிறது?

பதறாதேங்கோ, பைப்பைப் பூட்டுங்கோ. அனேகமா பைப்பை முழுக்கத் திறந்து கெதியா வடிச்சதால தானியம் இறுகியிருக்கும். கொஞ்சம் கொதிதண்ணி விட்டு அடிவரைக்கும் கிளறி, பத்து நிமிசம் படிய விட்டு, கலங்கலைத் திருப்பி ஊத்தி, பைப்பைக் காவாசி மட்டும் திறந்து தொடங்குங்கோ. மாஷ் ஆறிப்போனாலும் பாகு தடிச்சு வடியாது, அதுக்காகத்தான் சிலர் வடிக்க முதல் 76 டிகிரிக்குச் சூடாக்குறவை.

கோதுமை, ஓட்ஸ் கூடப் போட்டா அதுகளுக்குத் தோல் இல்லை, கட்டாயம் இறுகும். அதுக்கு மருந்து உமி. லண்டன்ல உமியைச் சின்னப் பக்கற்ல அடைச்சுக் காசுக்கு வாங்கினனான். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல் குத்துற இடத்தில அது மலை மாதிரிக் கிடக்கும், கேட்டா ஒரு சாக்கு தருவினம். தானியத்தில நூற்றுக்கு 5 பங்கு போதும். தூசி போக மூண்டு தண்ணியில கழுவிப் போடுங்கோ, ருசி ஒண்டும் குடுக்காது, தண்ணிக்கு வழி மட்டும் விடும்.

ஏன் கயர்க்குது?

பிளேன்ரீயைக் கனநேரம் ஊறவிட்டா நாக்கு வறண்டு ஒட்டுமே, அதே சாமான்தான், தோல்ல இருக்கிற டானின். தண்ணி 77 டிகிரிக்கு மேல போய், பீஎச்சும் 6 பக்கம் ஏறினா அது இறங்கும். கடைசிச் சொட்டு வரைக்கும் கழுவி எடுக்க நினைக்கிறதுதான் காரணம், ஏன் எண்டா சீனி குறையக் குறைய பீஎச் ஏறும். வாற தண்ணி ஹைட்ரோமீட்டரில (சீனிச் செறிவை அளக்கிற மிதவை, வெறும் தண்ணி எண்டா 1.000 காட்டும்) 1.010க்கு வந்தா நிப்பாட்டுங்கோ. மூண்டாம் பாலைப் பிழிஞ்சு கறிக்கு ஒண்டும் சேராது.

மொத்தம் எவ்வளவு தண்ணி எடுக்கிறது?

20 லீட்டர் பியருக்கு 4.5 கிலோ மோல்ட் எண்டு வைப்பம். கிலோவுக்கு 3 லீட்டர், மாஷுக்கு 13.5 லீட்டர். தானியம் கிலோவுக்கு ஒரு லீட்டர் குடிச்சு வச்சிருக்கும், அப்ப முதல் வடிச்சா 9 லீட்டர் வரும். ஸ்பார்ஜுக்கு 16 லீட்டர் விட்டா மொத்தம் 25. ஒரு மணித்தியாலம் கொதிக்க நாலு லீட்டர் ஆவியாப் போகும், அடியில கசடோட ஒரு லீட்டர் போகும், மிச்சம் 20. செறிவு 1.045 பக்கத்தில நிக்கும்.

எனக்கு 1.036தான் வந்தது!

முதல்ல தண்ணி சூடா இருக்கேக்க அளந்தீங்களோ பாருங்கோ. ஹைட்ரோமீட்டர் கனக்க 20 டிகிரிக்குச் செய்தது, சூட்டில குறைச்சுக் காட்டும், 30 டிகிரியிலயே ரெண்டு புள்ளி (0.002) குறையும். அது இல்லை எண்டா அரைப்பு, அனேகமா எல்லாருக்கும் அதுதான், ஒரு பிடி எடுத்துப் பாருங்கோ முழுத் தானியம் எத்தினை கிடக்கு எண்டு. பிறகுதான் கட்டி, கெதியா வடிச்சது, பீஎச் எல்லாம்.

சோறு, குரக்கன் போடலாமா?

சோறு போடலாம், ஆனா அரிசியாப் போடக்கூடாது. பார்லி மாப்பொருள் மாஷ் சூட்டிலயே இளகும், அரிசிக்கு அதைவிடச் சூடு வேணும், அதால குழைய அவிச்சு ஆறவிட்டு மோல்டோட சேருங்கோ. அஞ்சில ஒரு பங்குக்கு மேல வேண்டாம். குரக்கனை முளைக்க வச்சா அதிலயும் நொதியம் வரும், ஆனா மணி சின்னன், வடிகட்டத் தோல் இல்லை, உமி இல்லாம நினைக்கவே வேண்டாம். முதல் ரெண்டு மூண்டு தரம் பார்லியோட மட்டும் நில்லுங்கோ.

சக்கையை என்ன செய்யிறது?

வெளிநாட்டில தோட்டத்தில உரமாப் போடலாம், கொஞ்சத்தைக் காயவச்சு ரொட்டி மாவோட சேத்தா நல்லா இருக்கும். இங்க எங்கட ஒழுங்கையில ஒரு மாடு வச்சிருக்கிற அக்கா இருக்கிறா, நான் மாஷ் செய்யிற நாள் மணத்திலயே தெரிஞ்சு வாளியோட வருவா. இந்த வெக்கையில அடுத்த நாளே புளிச்சிடும், அதால ஆறின உடன அண்டைக்கே குடுத்திடுங்கோ. நாய்க்கு ஹொப்ஸ் (பியர் கசக்கிறதுக்குப் போடுற பூ) விசம், அதால கொதிக்க வச்ச பானையில மிஞ்சிற ஹொப்ஸ் கசடை இந்தச் சக்கையோட சேத்து எங்கயும் கொட்டாதேங்கோ.